இன்சல்ட்டுக்குள் ஒரு குதி: லத்தீன் வேரைப் பிடித்து ஆங்கிலச் சொல் கற்கும் வழி

இன்சல்ட், ரிசல்ட், அசால்ட். மூன்றையும் தமிழ் பேசும்போதே நாள் முழுக்கச் சொல்கிறோம். ஒன்று அவமானம், ஒன்று முடிவு, ஒன்று தாக்குதல். (பேச்சில் ‘அசால்ட்டா முடிச்சுட்டான்’ என்பது வேறு கதை, இங்கே ஆங்கிலப் பொருளையே எடுத்துக்கொள்வோம்.) பொருளில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் மூன்றையும் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரே வினைச்சொல் இருக்கிறது: குதி.

ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தவர்களுக்குத் தெரியும், ஒரு வாரத்தில் பாதி போய்விடும். வேரைப் பிடித்துக் கற்பது வேறு மாதிரி. ஒரு வேர் பிடிபட்டால் பதினைந்து இருபது சொற்கள் கொத்தாக வரும், வந்தவை போகாது. லத்தீன் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பொறுமை போதும். அதோடு, நமக்கு ஒரு வசதியும் உண்டு. குதி, தாவு, பாய், துள்ளு, எம்பு என்று தமிழில் குதித்தலுக்கு எத்தனை வினைகள்! லத்தீன் ஒரே வினையை வைத்துக்கொண்டு செய்த வேலையை நாம் இந்த ஐந்தாறு வினைகளில் பிரித்துச் செய்திருக்கிறோம். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் பொருத்தமான தமிழ்க் குதியைக் கண்டுபிடித்துவிட்டால், அந்தச் சொல் நம் சொல் மாதிரி ஆகிவிடும்.

முதல் படி: வேரைத் தெரிந்துகொள்ளுங்கள்

லத்தீனில் ‘சலீரே’ என்றால் குதிப்பது. அதன் பெயர்ச்சொல் ‘சல்துஸ்’, ஒரு குதி, ஒரு தாவல். இதிலிருந்து இன்னொரு வினை பிறந்தது: ‘சல்தாரே’. திரும்பத் திரும்பக் குதிப்பது என்று பொருள். தாவித் தாவி ஆடினால் அது நடனம்தானே? ரோமானியர்களுக்கு ‘சல்தாரே’ என்றால் நடனமாடுவதும்தான்.

நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, நடுவில் ‘சலீரே – சல்தாரே’ என்று எழுதிக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாச் சொற்களும் இந்த இரண்டிலிருந்து கிளைவிடும். ‘சலீரே’யின் கிளை ஒரு பக்கம், ‘சல்தாரே’யின் கிளை மறுபக்கம் என்று பிரித்துக்கொண்டால் அடுத்த படி எளிதாக இருக்கும்.

இரண்டாம் படி: வேடங்களை அடையாளம் காணுங்கள்

புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வேர் ‘சல்’ என்றால் எல்லாச் சொல்லிலும் எஸ்–ஏ–எல் என்றே இருக்க வேண்டாமா? இருக்காது. ரெசிலியன்ஸ் என்பதில் ‘சில்’ இருக்கிறது. ரிசல்ட் என்பதை எழுதிப் பாருங்கள், எஸ்–யு–எல்–டி. ‘சல்’ எங்கே போனது?

பழைய லத்தீனில் ஒரு பழக்கம் உண்டு. வினைக்கு முன்னால் ஒரு முன்னொட்டு வந்து ஒட்டினால், வேரில் இருந்த அகரம் நலிந்துவிடும். அதன் பின்னால் ஒரே மெய் வந்தால் அகரம் இகரமாகும். ‘ரெ’யும் ‘சலீரே’யும் சேர்ந்து ‘ரெசிலீரே’ ஆனது அப்படித்தான். லகர மெய்யும் அதையடுத்து இன்னொரு மெய்யும் வந்தால் அகரம் உகரமாகும். ‘ரெ’யும் ‘சல்தாரே’யும் சேர்ந்து ‘ரெசுல்தாரே’. குதிக்கும் சொற்களுக்கு மட்டும் உள்ள விதி இல்லை இது. ஆங்கிலத்தில் ஃபேக்ட் என்பதும் எஃபிஷியன்ட் என்பதும் ‘செய்’ என்று பொருள்படும் ஒரே வேரிலிருந்து வந்தவை. முன்னதில் அகரம் நிற்கிறது, பின்னதில் இகரமாகிவிட்டது.

நமக்கு இது புதிதா என்ன? கெடு – கேடு, சுடு – சூடு, படு – பாடு. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளியில் படித்ததுதான். விதி வேறு, ஆனால் உயிர் மாறினாலும் வேர் அதேதான் என்ற பழக்கம் தமிழ்க் காதுக்கு ஏற்கெனவே உண்டு.

இன்னொரு வேடம் எக்ஸல்ட் என்ற சொல்லில். மகிழ்ச்சியில் துள்ளுவது என்று பொருள். இதில் எஸ் என்ற எழுத்தே இல்லை. ‘எக்ஸ்’ முன்னொட்டின் கடைசி ஒலியே ‘ஸ்’ என்பதால், வேரின் எஸ் அதற்குள் கரைந்துவிட்டது. எஸ்ஸைத் திரும்பச் சேர்த்துப் படித்தால் ‘எக்ஸ் + சுல்ட்’ என்று தெளிவாகத் தெரியும்.

ஆக, தேட வேண்டியவை: சல், சில், சுல்ட். பிரெஞ்சு வழியாக வந்திருந்தால் ‘சோ’ அல்லது ‘சால்ட்’. அதை நான்காம் படியில் பார்ப்போம்.

மூன்றாம் படி: முன்னொட்டைப் பிரித்து, காட்சியாக்குங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. முன்னொட்டு எந்தத் திசையில் குதிப்பது என்று சொல்லும். அந்தக் காட்சியை மனதில் ஓட்டிப் பார்த்தால் பொருள் தானாக வரும்.

இன்சல்ட்டிலிருந்து தொடங்குவோம். இங்கே ‘இன்’ என்பது எதிர்மறை இல்லை, ‘மேலே’. ‘இன்சுல்தாரே’ என்றால் ஒருவர் மேல் ஏறிக் குதிப்பது. ரோமானியக் கவிஞர் ஹொராஸ் தம் பாடல் ஒன்றில், டிராய் நகரின் மன்னன் பிரியாமின் கல்லறை மேலும் அவன் மகன் பாரிஸின் கல்லறை மேலும் மாட்டு மந்தை ஏறி மிதித்துத் திரிவதற்கு இதே வினையைப் போட்டிருக்கிறார். ஒரு காலத்தில் பேரரசனாக இருந்தவன் படுத்திருக்கும் இடம்; அதன் மேல் குளம்புகள். அந்தக் காட்சிக்குப் பிறகு இன்சல்ட் என்ற சொல்லின் கனம் எவ்வளவு என்று விளக்க வேண்டியதே இல்லை. தமிழில் இதற்குப் பக்கத்தில் நிற்கும் வினை ‘பாய்’. புலி மான்மேல் பாய்ந்தது என்போம்; ‘ஒரு வார்த்தைதான் கேட்டேன், என்மேல் பாய்ந்துவிட்டார்’ என்றும் சொல்வோம். உடம்பு குதிக்கவில்லை, சொல் குதித்தது. லத்தீன் போன பாதையும் அதேதான்.

மருத்துவ ஆங்கிலத்தில் இன்சல்ட் என்றால் இன்றும் அவமானம் இல்லை. மூளைக்கோ சிறுநீரகத்துக்கோ ஏற்பட்ட பாதிப்பை அப்படி எழுதுவார்கள். உறுப்பின் மேல் ஏதோ பாய்ந்திருக்கிறது. பழைய பொருள் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

அடுத்து ரிசல்ட். ‘ரெ’ என்றால் திரும்ப. ‘ரெசுல்தாரே’ என்றால் மோதித் திரும்பித் தெறிப்பது. இன்னொரு ரோமானியக் கவிஞர் வெர்ஜில், உழவைப் பற்றிப் பாடிய கவிதையில் தேனீ வளர்ப்பவர்களுக்கு ஒரு யோசனை சொல்கிறார்: பாறைகளில் குரல் மோதி எதிரொலிக்கும் இடத்தில் தேன்கூட்டை வைக்காதே என்று. அந்த எதிரொலி ‘குதித்துத் திரும்புகிறது’ என்பதற்கு அவர் போட்ட வினை இந்த ரெசுல்தாரேதான். நாம் ஒன்று செய்கிறோம், அது எதிலோ மோதி நம்மிடமே திரும்பி வருகிறது. அதுதான் ரிசல்ட். தமிழ் இதே பொருளை வேறொரு கண்ணால் பார்க்கிறது: ‘விளைவு’, அதாவது விளைந்து வருவது. லத்தீன்காரர் சுவரில் மோதித் திரும்பும் குரலைப் பார்த்தார். நாம் நிலத்தில் முளைத்து வருவதைப் பார்த்தோம். இரண்டையும் பக்கத்தில் எழுதி வையுங்கள், இரண்டுமே மறக்காது.

எக்ஸல்ட் சுருக்கமானது. ‘எக்ஸ்’ என்றால் வெளியே. உள்ளே அடங்காத மகிழ்ச்சி வெளியே குதிக்கிறது. ‘துள்ளிக் குதித்தான்’ என்றால் முடிந்தது.

டெசல்டரி கொஞ்சம் அரிய சொல், ஆனால் குதிரையோடு வருகிறது. ‘தே’ என்றால் கீழே, ஒன்றை விட்டு. ரோமானிய சர்க்கஸ் களத்தில் ‘தேசுல்தோர்’ என்று ஒரு வித்தைக்காரர் இருந்தார். ஒன்றுக்கு மேற்பட்ட குதிரைகளைச் சேர்த்து ஓட்டிக்கொண்டு, ஓட்டத்திலேயே ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவுவார். இது வெறும் வேடிக்கை வித்தையாக நிற்கவில்லை. வட ஆப்பிரிக்காவின் நூமிடியக் குதிரைப்படையினர் ஆளுக்கு இரண்டு குதிரைகளோடு வந்து, கடும் சண்டைக்கு நடுவே களைத்த குதிரையிலிருந்து களைக்காத குதிரைக்கு ஆயுதங்களோடு தாவுவார்கள் என்றும், அது தேசுல்தோர்கள் செய்வதைப் போலவே இருக்கும் என்றும் வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். இந்தத் தாவலிலிருந்து, ஒரு பொருளில் நிலைக்காமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும் பேச்சையும் படிப்பையும் டெசல்டரி என்று ஆங்கிலம் சொல்கிறது. ‘தாவித் தாவிப் பேசுகிறார்’ என்று நாம் சொல்வதும் இதைத்தான். ஒரு சின்ன வேறுபாடு மட்டும்: சர்க்கஸ்காரரின் தாவல் திறமை, டெசல்டரி பேச்சின் தாவல் குறை. சொல் இடம் மாறும்போது மதிப்பும் மாறுவதைக் கவனிக்கப் பழகுங்கள்.

நான்காம் படி: பிரெஞ்சு வழியாக வந்தவை

எல்லாச் சொல்லும் ஏட்டு லத்தீனிலிருந்து நேராக ஆங்கிலத்துக்கு வரவில்லை. பல சொற்கள் மக்கள் பேசிய லத்தீனில் உருமாறி, பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தன. இவற்றில் அகரம் அப்படியே நிற்கும். காரணம் எளிது. பேசியவர்கள் பழைய ‘சில்’, ‘சுல்ட்’ வடிவங்களை விட்டுவிட்டு, ‘சல்’ வேரையே எடுத்து முன்னொட்டோடு புதிதாக ஒட்டிக்கொண்டார்கள். ‘அட்’ என்றால் நோக்கி. ஒருவரை நோக்கிக் குதிப்பது அசெயில், அப்படிக் குதித்த செயல் அசால்ட். இரண்டும் தாக்குதல்தான். தமிழில் மறுபடியும் ‘பாய்’.

பிரெஞ்சுக்காரர்கள் மெய்க்கு முன்னால் வரும் லகரத்தை உகரமாகக் குழைத்துவிடுவார்கள். அதனால் சல்தாரே அங்கே ‘சோத்தே’ என்று ஒலிக்கும் வினையானது. சமையலில் சோட்டே என்கிறார்களே, அது இதுதான். அகலமான வாணலியைச் சூடாக்கி, நறுக்கியதைப் போட்டு, வாணலியை ஒரு சுண்டு சுண்டினால் துண்டுகள் எகிறிக் குதித்துத் திரும்பி விழும். ‘குதிக்க வைத்தது’ என்பதுதான் சோட்டே. பாலே நடனத்திலும் எம்பிக் குதிக்கும் அசைவுக்கு இதே பெயர். அசால்ட்டும் முன்பு ஆங்கிலத்தில் லகரம் இல்லாமல்தான் எழுதப்பட்டது. லத்தீன் படித்தவர்கள் பின்னாளில் அந்த லகரத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள்.

முற்றுகைக்குள் இருக்கும் கோட்டையிலிருந்து வீரர்கள் திடீரென வெளியே பாய்ந்து அடிப்பதற்கு சாலி என்று பெயர். உரையாடலில் சட்டென்று பாயும் சாதுரியமான பதிலுக்கும் அதே சொல்தான். குட்டிக்கரணத்துக்கு ஆங்கிலத்தில் சமர்சால்ட் என்பார்கள். கோடைக்காலமான சம்மருக்கும் இதற்கும் தொடர்பில்லை. லத்தீன் ‘சூப்ரா’, அதாவது மேலே, பிரெஞ்சில் தேய்ந்து, நடுவில் ஒரு மகரமும் புகுந்து அப்படி ஆனது. மேலே எழும்பிக் குதிப்பது, அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: அறிவியலுக்குள் போய்ப் பாருங்கள்

கட்டுரைகளில் அடிக்கடி வரும் சேலியன்ட் பாயின்ட், முக்கியமான கருத்து என்ற பொருளில், எங்கிருந்து தொடங்கியது தெரியுமா? கோழி முட்டையிலிருந்து. அடைகாத்த முட்டையைச் சில நாட்களில் உடைத்துப் பார்த்த அரிஸ்டாட்டில், வெண்கருவில் ஒரு ரத்தப் புள்ளி உயிருள்ளது போலத் துடித்துக்கொண்டிருப்பதை எழுதி வைத்தார். குஞ்சின் இதயம் அது. லத்தீனில் எழுதிய பிற்கால அறிஞர்கள் இதைப் ‘பங்க்தும் சாலியென்ஸ்’ என்றார்கள்; துள்ளும் புள்ளி. உயிர் தொடங்கும் இடம் என்பதால் எந்த விஷயத்திலும் மையமான புள்ளிக்கு அந்தப் பெயர் பரவியது. வரைபடத்தில் எதிரியின் பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும் போர்முனையும் சேலியன்ட்தான். முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் இப்ர் நகரைச் சுற்றி இருந்த முனை அந்தப் பெயராலேயே அறியப்படுகிறது. துள்ளுவதும் துருத்துவதும் கண்ணில் படும், அல்லவா? அதனால்தான் சேலியன்ட் என்றால் எடுப்பாகத் தெரிவது.

ரெசிலியன்ஸ், ரிசல்ட்டின் உடன்பிறப்பு. அதே ‘திரும்பக் குதி’, ஆனால் சலீரேயின் கிளை. 1626இல் மறைந்த ஆங்கிலச் சிந்தனையாளர் பிரான்சிஸ் பேக்கன் இதை எதிரொலியைப் பற்றி எழுதும்போது பயன்படுத்தினார். 19ஆம் நூற்றாண்டில் மரமும் இரும்பும் வளைந்து மீளும் குணத்துக்குப் பொறியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1973இல் சூழலியலாளர் ஹோலிங், காடும் ஏரியும் அதிர்ச்சியைத் தாங்கி நிலைத்திருக்கும் தன்மைக்கு இதைப் போட்டார். இன்று மனம் சோர்ந்து மீண்டெழுவதற்குச் சொல்கிறோம். தமிழில் ‘மீள்திறன்’ என்று எழுதுகிறார்கள். நல்ல சொல், ‘ரெ’ அதில் முழுதாக இருக்கிறது. குதி மட்டும் இல்லை. ‘மீண்டெழுதல்’ என்றால் அந்த எழுச்சியும் கொஞ்சம் சேர்ந்துவிடுகிறது என்பதால் எனக்கு அதுவே பிடிக்கும்.

கன்சிலியன்ஸ் என்ற சொல்லை 1840இல் வில்லியம் ஹியூவெல் உருவாக்கினார். ‘சயின்டிஸ்ட்’ என்ற சொல்லை ஆங்கிலத்துக்குத் தந்தவரும் அவர்தான். தனித்தனியான துறைகளிலிருந்து கிளம்பிய சான்றுகள் ஒரே முடிவில் வந்து ‘சேர்ந்து குதிப்பது’ கன்சிலியன்ஸ்.

மணலிலும் நரம்பிலும்கூடக் குதி உண்டு. காற்றடிக்கும்போது மணல்துகள் எழும்பி, வளைந்து விழுந்து, விழுந்த இடத்தில் வேறு துகள்களைக் கிளப்பிவிடும். இதற்கு சால்டேஷன் என்று பெயர். நம் நரம்புகளில் கொழுப்புறை போர்த்தியவற்றில், உறைக்கு நடுவே சின்னச் சின்ன இடைவெளிகள் இருக்கும். ரான்வியே கணுக்கள் என்பார்கள். மின்துடிப்பு ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குத் தாவிப் போகிறது. விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தைக்கூட எட்டுவது அதனால்தான். சால்டேட்டரி கடத்தல் என்று பாடப்புத்தகத்தில் வந்தால் பயப்படாதீர்கள், ‘தாவிப் போகும் கடத்தல்’, அவ்வளவே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘இயற்கை தாவுவதில்லை’ என்ற லத்தீன் வாசகத்தை லின்னேயஸ் 1751இல் தாவரவியல் நூலில் எழுதினார். கடைசிச் சொல் நம் ‘சல்துஸ்’தான். டார்வின் 1859இல் அதையே தம் கொள்கைக்குத் துணையாக எடுத்தபோது, நண்பர் ஹக்ஸ்லி, தேவையில்லாத ஒரு சுமையைத் தூக்கிக்கொண்டீர்கள் என்று கடிதம் எழுதினார். பரிணாமம் அடி அடியாக நடக்கிறதா, தாவுகிறதா என்ற விவாதத்தில் இந்த வேர் இன்றும் வந்துகொண்டே இருக்கிறது.

ஆறாம் படி: ஆள்மாறாட்டத்தைக் கண்டுபிடியுங்கள்

வேர் பிடிபட்டதும் ஒரு ஆபத்து வரும்: எஸ்–ஏ–எல் கண்ட இடத்திலெல்லாம் குதிதான் தெரியும். சாலட், சாஸ், சலாமி, சேலரி, சலைன் எல்லாமே உப்பின் பிள்ளைகள். லத்தீனில் உப்பு ‘சால்’. சல்யூட் நலத்தைக் குறிக்கும் ‘சலூஸ்’ என்பதிலிருந்து வந்தது. சைலன்ட், அமைதியாக இருப்பதற்கான வேறொரு வினையின் பிள்ளை. சுல்தான் அரபு. அடல்ட் என்பது வளர்வதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, அதன் ‘உல்ட்’ வேறு. குதிப்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள லீப் என்ற சொல்லே லத்தீன் இல்லை, ஜெர்மானியக் குடும்பம். ஓடுவதைக் குறிக்கும் ஜெர்மன் வினை ‘லௌஃபன்’ அதற்குச் சொந்தம்.

சோதனை ஒன்றுதான். முன்னொட்டை எடுத்துவிட்டு, ‘எங்கே குதி இருக்கிறது?’ என்று கேளுங்கள். காட்சி வரவில்லை என்றால் இழுத்து ஒட்டாமல், சொல்வரலாற்று அகராதியைத் திறந்து பாருங்கள். நன்றாகக் கதை சொல்லும் விளக்கங்கள் பல பொய்யாகத்தான் இருக்கும்.

குதிக்கு வேறு லத்தீன் வேர்களும் உண்டு. எனக்குப் பிடித்தது ஆடு. லத்தீனில் வெள்ளாட்டுக் கிடா ‘கபேர்’. ஆடு துள்ளுவதைப் பார்த்து இத்தாலியர்கள் ‘கப்ரியோலா’ என்றார்கள். வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியில் வெள்ளைக் குதிரை அந்தரத்தில் எம்பிப் பின்னங்கால்களை உதைக்கும் வித்தைக்குப் பெயர் கப்ரியோல். ஆட்டுக்குட்டி போல் துள்ளித் துள்ளிப் போன இலேசான வண்டியைப் பிரெஞ்சுக்காரர்கள் கப்ரியோலே என்றார்கள். ஆங்கிலேயர்கள் 19ஆம் நூற்றாண்டில் அதைக் ‘கேப்’ என்று சுருக்கினார்கள். போனில் கேப் புக் செய்யும்போது நாம் ஓர் ஆட்டைத்தான் கூப்பிடுகிறோம்.

பயிற்சிக்கு ஒரு சொல்

இதுவரை சொல்லாத ஒரு சொல்லைத் தருகிறேன்: டிசிலியன்ட். தாவரவியல் சொல். அகராதியைத் திறக்காதீர்கள். ‘சில்’ தெரிகிறதா? இகரம் இருப்பதால் இது சலீரேயின் கிளை. முன்னால் இருப்பது ‘டிஸ்’, பிரிந்து, விலகி. சேர்த்தால் ‘பிரிந்து குதிப்பது’.

தாவரத்தில் எது பிரிந்து குதிக்கும்? காசித்தும்பைச் செடியில் முற்றிய காய் ஒன்றைத் தேடி, விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள். காய் பட்டென்று ஐந்தாகப் பிளந்து, ஓடுகள் உள்நோக்கிச் சுருள, விதைகள் நாலா பக்கமும் தெறிக்கும். சில விதைகள் உங்கள் கையிலேயே வந்து விழும்.